முயலுக்குக் காதில் சீழ்: வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுக்கலாமா?

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் பேத்தி கோடை விடுமுறைக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வந்த முயல். காது தொங்கும் சாதி, இரண்டு வயது, அடுப்படித் தராசில் வைத்தால் 1.8 கிலோ. பள்ளிக்கூடம் திறந்ததும் பேத்தி போய்விட்டாள், முயல் ஆச்சியோடு தங்கிவிட்டது. நாலு நாளாக இடது காதைப் பின்னங்காலால் சொறிகிறது, தலையை உதறுகிறது. காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக மாவு பிசைந்தது போல இருக்கிறது, நாற்றமும் அடிக்கிறது. பேரனுக்குச் சளிக்கு வாங்கி மீந்திருந்த அமாக்சிசிலின் சிரப்பை மெடிக்கலில் காட்டியபோது, "குழந்தைக்குக் கொடுப்பதில் பாதி கொடுங்கள்" என்றார்களாம். நேற்று இரவும் இன்று காலையும் கொடுத்தாகிவிட்டது. தொடரலாமா, எத்தனை நாள் கொடுப்பது, காதில் பூண்டெண்ணெய் விடலாமா என்று கேட்கிறார்கள்.

ஆச்சி, மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். அந்த சிரப்பை இப்போதே நிறுத்திவிடுங்கள். இன்று இரவு வேளை வேண்டாம். "ஆரம்பித்த கோர்ஸை முடிக்க வேண்டும்" என்று மனிதருக்குச் சொல்லும் விதியை இங்கே பார்க்கக் கூடாது. இரண்டு வேளையோடு நிறுத்தினால் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதனால் கலங்க வேண்டாம். ஆனால் இதன் கெடுதல் கொடுத்த அன்றே தெரியாது, சில நாள் கழித்தும் வரும். அடுத்த ஒரு வாரத்துக்கு முயலின் காதைவிட அதன் புழுக்கையைத்தான் நீங்கள் அதிகம் பார்க்க வேண்டும்.

இன்று ராத்திரி அது படுக்கும் இடத்தைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு வெளிர்நிறத் துணி ஒன்றை விரியுங்கள். காலையில் புதிதாக விழுந்ததைப் பாருங்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், காய்ந்து இருக்கும். விரலால் நசுக்கினால் புல்நார் உதிரும். எண்ணிக்கையும் தாராளமாக இருக்க வேண்டும், நலமாக இருக்கும் முயல் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடும். எண்ணிக்கை குறைந்தாலும், சிறுத்துப்போனாலும், பின்பக்க ரோமத்தில் களிபோல் ஒட்டியிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும். தண்ணீராகப் போனாலோ, வயிறு உப்பி மூலையில் குறுகி உட்கார்ந்தாலோ, பல்லை நறநறவென்று கடித்தாலோ மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. 10, 12 மணி நேரம் ஒன்றுமே தின்னாமல் இருக்கும் முயலும் அவசரக் கேஸ்தான்.

மருந்து நல்ல மருந்துதானே, குழந்தைக்கே கொடுக்கிறோமே என்று தோன்றும். மருந்தில் குறை இல்லை, முயலின் வயிறு வேறு மாதிரி. நாம் சோற்றைச் செரிப்பது போல அது புல்லைத் தானே செரிப்பதில்லை. வயிற்றைவிடப் பெரிய ஒரு பை உள்ளே இருக்கிறது, குருட்டுக்குடல் என்போம். அதில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருந்து புல்நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. தோசைமாவு புளிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்து திராட்சைக் கொத்து மாதிரி பளபளவென்ற மென்புழுக்கையாக வெளியே வரும்போது, முயல் அதைத் தரையில் விழவிடாமல் வாயால் எடுத்து விழுங்கிவிடும். இதைப் பார்த்துவிட்டு "மலத்தைத் தின்கிறது" என்று தடுப்பவர்கள் உண்டு, தடுக்காதீர்கள். அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் காதுக்குப் போகும் முன்பே அது இந்தக் குடியிருப்பைக் காலி செய்துவிடுகிறது. நல்லவை சாகும்போது, அந்த மருந்துக்கு அசையாத கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமிகள் காலி இடத்தில் பெருகி விஷம் கக்கும். அந்த விஷம் ரத்தத்தில் கலந்தால் முயல் இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

அமாக்சிசிலின் மட்டுமல்ல. ஆம்பிசிலின், கிளாவுலனேட் சேர்த்த அமாக்சிசிலின், செபலெக்சின், செபிக்சிம் போல 'செப்' என்று தொடங்கும் மருந்துகள், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் எதுவும் முயலின் வாய்க்குள் போகக் கூடாது. ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். கினிப்பன்றிக்கும் இதே ஆபத்து உண்டு. 1940 மே மாதம் ஆக்ஸ்போர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி என்ற விஞ்ஞானியின் குழு, பென்சிலின் நோயைக் குணமாக்குமா என்று கிருமி ஏற்றிய பிராணிகளில் சோதித்தபோது எடுத்தது எட்டுச் சுண்டெலிகளை. கினிப்பன்றியை எடுத்திருந்தால் இது மருந்தல்ல, விஷம் என்று முடிவு கட்டியிருப்பார்களோ என்று படிக்கும் காலத்தில் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

பேசிக்கொண்டேனே தவிர, எனக்கு உறைக்கவில்லை. நான் அரசு கால்நடை மருந்தகங்களில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதில் பெரும்பகுதி இந்தச் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கிராமத்து மருந்தகத்தில், பத்து வயதுப் பையன் ஒருவன் டவுசர் பையில் புல்லும் கையில் வெள்ளை முயலுமாக வந்தான். இதே காதுச் சீழ். அலமாரியில் ஆம்பிசிலின் கேப்சூல் இருந்தது. பிரித்துத் தேனில் குழைத்து ஐந்து நாளைக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். மாட்டையும் ஆட்டையும் நாயையும் படித்த அளவுக்கு முயலை நான் படித்திருக்கவில்லை. நாலாம் நாள் காலை அவன் மருந்தகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றான். துண்டில் சுற்றியிருந்தான், துண்டு பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. "மருந்து ஒரு வேளைகூட விடலை சார்" என்றான். அந்தப் பையன் சொன்னபடி செய்தான். தப்பு முழுக்க என்னுடையது. அதனால்தான் யார் முயலுக்கு ஆன்டிபயாடிக் என்று கேட்டாலும் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

இப்போது காதுக்கு வருவோம். எந்த ஆன்டிபயாடிக் என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். காதில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது.

காதுக்குள் பழுப்பாக, காய்ந்து, அப்பளத்தை நொறுக்கி அடுக்கி வைத்தது போலப் பொருக்குப் பொருக்காக இருந்தால் அது சீழே அல்ல, காதுச் சொறி. கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் சிறு பூச்சிகள் உள்ளே மேய்கின்றன. இதற்கு ஆன்டிபயாடிக் எவ்வளவு கொடுத்தும் பயன் இல்லை. ஐவர்மெக்டின் ஊசி, 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை போட்டால் பொருக்கு தானாக உதிரும். நகத்தால் பிய்க்காதீர்கள், அடியில் பச்சைப்புண், முயல் வலியில் துடிக்கும். ஆட்டுக்காரர் யாராவது "எங்கிட்டயே ஐவர்மெக்டின் இருக்கு" என்று வந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ள அந்தப் பாட்டிலில் உங்கள் முயலுக்குத் தேவை 0.07 மில்லிக்கு மேல் போகாது. ஊசிக்குழலில் ஒரு சொட்டு கூடினாலே அளவு கெட்டுவிடும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் முயலுக்கு ஆகாது.

நீங்கள் சொல்வது வெள்ளையாக, நாற்றத்தோடு. அது பெரும்பாலும் கிருமிச் சீழ்தான். பாஸ்டுரெல்லா, ஸ்டாஃபிலோகாக்கஸ், சில சமயம் சூடோமோனாஸ். ஆனால் காது தொங்கும் சாதியில் ஒரு குழப்பம் உண்டு. நிமிர்ந்த காதில் குழாய் நேராகத் திறந்திருக்கும், அழுக்கு தானாக வெளியே வரும். தொங்கும் காதில் அந்தக் குருத்தெலும்புக் குழாய் மடங்கிச் சுருங்கிவிடுவதால் காதுமெழுகு உள்ளேயே தேங்கும். தேங்கிய மெழுகும் வெள்ளையாக, பசையாகத்தான் இருக்கும். மெழுகா சீழா என்பதைக் கண்ணால் அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவர் ஒரு துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமியா, பூஞ்சையா, பூச்சியா, வெறும் மெழுகா என்று சில நிமிஷத்தில் தெரியும். இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் கல்ச்சர் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்துவிட்டால் ஆறு வாரம் தவறான மருந்தைக் கொடுத்து ஏமாற வேண்டியதில்லை. கல்ச்சருக்கு எடுக்கும் முன் மருந்து கொடுத்திருந்தால் முடிவு மாறக்கூடும். ஆகவே அந்த இரண்டு வேளை சிரப்பை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காதுப்பஞ்சுக் குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். முயலின் காதுக்குழாய் ஓரத்தில் முட்டுச்சந்து போல ஒரு குழி இருக்கிறது. நாம் சுத்தம் செய்வதாக நினைத்து அழுக்கை அதற்குள் தள்ளி அடைத்துவிடுவோம். பூண்டெண்ணெயும் வேண்டாம், ஆச்சி. நம் பிள்ளைகளுக்குக் காதுவலி வந்தால் அப்பத்தாக்கள் காய்ச்சி விட்டதுதான், தெரியும். ஆனால் செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் எதை ஊற்றினாலும் அது நடுக்காதுக்குள் இறங்கிவிடும். மெடிக்கலில் கிடைக்கும் காதுச் சொட்டு மருந்துக்கும் இதே காரணம்தான். ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கிழிந்த செவிப்பறை வழியாக உள்காதுக்குப் போனால் செவியையும் உடல் சமநிலையையும் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. முயல் ஸ்டீராய்டு தாங்காத பிராணி, எதிர்ப்புச் சக்தி சட்டென்று இறங்கிவிடும்.

சீழ் வெளிக்காதோடு நின்றிருந்தால் நல்ல காலம். நடுக்காதுக்குள் போயிருந்தால் கதை நீளும். தலை ஒரு பக்கம் சாய்கிறதா? இடது பக்க உதடு தொங்குகிறதா, அந்தக் கண்ணை மூட முடிகிறதா? கண்மணி இடவலமாக ஆடுகிறதா? மூக்கொழுகல் உண்டா? கடைசிக் கேள்விக்கு மூக்கைப் பார்த்தால் போதாது, முன்னங்காலின் உள்பக்கத்தைப் பாருங்கள். முயல் மூக்கை அதில்தான் துடைக்கும், ரோமம் சடைசடையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். மூக்கிலிருந்து நடுக்காதுக்கு ஒரு வழி இருக்கிறது, பாஸ்டுரெல்லா பல நேரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. தலை சாய்வுக்கு என்செஃபாலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணியும் காரணமாகலாம். அதற்கு மருந்தே வேறு, ஃபென்பெண்டசோல் 28 நாள். இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும் என்பதால் எக்ஸ்ரே எடுத்து நடுக்காது எலும்பைப் பார்ப்பது நல்லது. எக்ஸ்ரேயில் சுத்தமாகத் தெரிந்தாலும் நோய் இருக்கலாம், சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும்.

முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக்குகள் உண்டு. என்ரோஃப்ளாக்சசின், மார்போஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா இவைதான் வழக்கமாக எழுதுவது. பென்சிலின்கூடத் தோலுக்கடியில் ஊசியாக, மருத்துவர் கையால் போடும்போது உதவுகிறது, குறிப்பாகக் காதடியில் கட்டி கட்டியிருந்தால். குடலில் இறங்காமல் ரத்தத்துக்குப் போவதால் ஓரளவு தாங்கும், அப்போதும் புழுக்கையைப் பார்த்துக்கொண்டே போட வேண்டும். அமாக்சிசிலின், ஆம்பிசிலினை ஊசியாகவும் வேண்டாம்.

கணக்கை ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். மருந்தை நீங்களாகத் தொடங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததைச் சரியாகக் கொடுக்கிறோமா என்று தெரிந்துகொள்ளத்தான். என்ரோஃப்ளாக்சசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை என்று மருத்துவர் முடிவு செய்தால் உங்கள் 1.8 கிலோ முயலுக்கு ஒரு வேளைக்கு 18 மில்லிகிராம். மருந்து மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றால் 0.36 மில்லி. கோழிப்பண்ணைக்கு விற்கும் 10 சதவீதக் கரைசல் மில்லிக்கு 100 மில்லிகிராம். அதே 0.36 மில்லியை அதிலிருந்து எடுத்தால் அளவு இரண்டு மடங்காகிவிடும். தவிர அது வாயை எரிக்கும், நீர்க்காமல் கொடுக்கக் கூடாது. பாட்டிலைப் பார்த்ததும் 'என்ரோ' என்ற பெயரைப் படித்துவிட்டு நிற்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் எண்ணையும் படியுங்கள். டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா என்றால் குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு இரண்டும் சேர்ந்து 240 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் உங்கள் முயலுக்கு 54 மில்லிகிராம், ஏறத்தாழ 1.1 மில்லி.

அளக்க இன்சுலின் ஊசிக்குழலை எடுக்காதீர்கள். சர்க்கரை உள்ள வீடுகளில் அதுதான் கைக்குக் கிடைக்கும், தப்பு நடப்பதும் அதில்தான். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் குழலில் 40 கோடுகள் சேர்ந்தால்தான் 1 மில்லி. 0.36 மில்லி என்பதை மனதில் வைத்துக்கொண்டு 36 என்ற கோடுவரை இழுத்தால் 0.9 மில்லி ஏறிவிடும், இரண்டரை மடங்கு. மெடிக்கலில் 'ஒரு மில்லி சிரிஞ்ச்' என்று கேளுங்கள், நூறு சிறு கோடு போட்டிருப்பார்கள். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் விதம்: தரையில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்து முயலை வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய நாலு காலையும் சேர்த்துச் சுற்றுங்கள். மல்லாக்கப் போடாதீர்கள். பின்னங்கால் உதைக்க இடம் கிடைத்தால் அது தன் முதுகெலும்பையே ஒடித்துக்கொள்ளும் அளவுக்கு உதைக்கும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே கன்னத்தோரம் பல் இல்லாத ஓர் இடைவெளி இருக்கும். குழலின் நுனியைப் பக்கவாட்டில் அங்கே நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள், அது மென்று விழுங்குவது தாடையில் தெரியும். ஒரே அழுத்தில் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும். முடிந்ததும் ஒரு கொத்தமல்லித் தழை கொடுத்தால், மூன்றாம் நாளிலிருந்து துண்டைப் பார்த்து ஓடாது.

வெளிக்காது மட்டும் என்றால் இரண்டு மூன்று வாரம், நடுக்காது என்றால் நாலிலிருந்து ஆறு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். பத்தாம் நாள் சொறிவது நின்றவுடன் "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள், ஒரு மாதத்தில் அதைவிட மோசமாகத் திரும்பி வரும். காரணம் முயலின் சீழ். நம் சீழ் நீராக ஓடும். முயலின் வெள்ளை அணுக்களில் சீழைக் கரைக்கும் நொதி இல்லாததால் அது பற்பசை போல இறுகிக் கெட்டியாகிவிடும். ரத்தம் போகாத அந்தக் கட்டிக்குள் மருந்தும் போகாது, சுற்றியிருக்கும் சதையோடு நின்றுவிடும். ஆகவே நடுக்காது நிரம்பிப்போன முயலுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதாமல் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். நாய்க்குச் செய்பவர் எல்லோரும் முயலுக்கும் செய்வார் என்று இல்லை. முயலை மயக்கத்தில் வைப்பதில் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும்.

காதுவலி கடுமையான வலி, ஆனால் முயல் கத்தாது. ஓரமாக உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தின்னாமல் இருக்கும், அவ்வளவுதான். தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும். ஆகவே மருத்துவர் வலி மருந்து எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். மெலாக்சிகாம் என்பதுதான் வழக்கமாகக் கொடுப்பது. மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

தீனி மருந்துக்குச் சமம். ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் புல் தாராளமாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் சொல்லும் உலர்புல் காரைக்குடியில் சுலபமாகக் கிடைக்காது. அறுகம்புல்லை மருந்து அடிக்காத இடத்தில் அறுத்து, அலசி, நிழலில் காயவைத்துக் கொடுங்கள், பச்சையாகவும் கொடுங்கள். வைக்கோலில் சத்து இல்லை, படுக்கைக்கு வைத்துக்கொள்ளலாம். முருங்கைத்தழை ஒரு கொத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் வெள்ளைப் பணியாரம் சுட்டாலும் தேன்குழல் பிழிந்தாலும் பிள்ளைக்குக் கொடுப்பது போல முயலுக்கும் ஒன்று கிள்ளிக் கொடுக்கத் தோன்றும். அரிசிமாவும் சீனியும் அந்தக் கெட்ட கிருமிகளுக்குத்தான் விருந்து. தின்ன மறுத்தால் முயல் தீவனக் குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி ஆறவைத்து, ஊசி இல்லாத பெரிய குழலால் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லி அளவில் நாலைந்து வேளையாகப் பிரித்து ஊட்டுங்கள். வயிறு உப்பியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஊட்டாதீர்கள்.

உங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக்கல் என்றே நினைக்கிறேன். நல்ல முயலுக்குச் சித்திரை வெயிலில் அந்தக் குளிர்ந்த தரை சொர்க்கம், காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். காது நோய் வந்து தடுமாறும் முயலுக்கு அதே வழுவழுப்பு ஆபத்து. ஒரு கால் வழுக்கினால் பயந்து உருளும், உருண்டால் கண்ணில் அடிபடும். அதன் இடம் மட்டும் சணல் சாக்கை இரட்டையாக மடித்து விரியுங்கள். தலை சாய்ந்துவிட்டால் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கட்டுங்கள். பட்டாலைக் கூடத்து ஓரம் நல்ல இடம். முற்றத்து வெயில் நகர்ந்து நகர்ந்து வரும், கூண்டை அங்கே வைத்துவிட்டு மத்தியானம் அசந்துவிடாதீர்கள். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும். காதே நோயில் கிடக்கும்போது அது வெயில் தாங்காது.

நாளைக் காலை வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். மூங்கில் கூடையில் சாக்கு விரித்து, கொஞ்சம் புல் போட்டு, ஐஸ்தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மேலே மெல்லிய துணி கட்டுங்கள். பட்டினி போட்டுக் கூட்டிப்போக வேண்டியதில்லை, முயல் வாந்தி எடுக்காத பிராணி. தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில். சந்தையில் செய்வது போலக் காதைப் பிடித்து யாரும் தூக்க விடாதீர்கள். முதலில் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். காதுக்குள் கருவி வைத்துப் பார்க்கவும், சாயம் போட்டுப் பார்க்கவும் அங்கே முடியலாம். முடியாவிட்டாலோ, தலை சாய்ந்துவிட்டாலோ, புதுக்கோட்டை வழியாக ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். அறுவைச் சிகிச்சை என்ற பேச்சு வந்தால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பேத்தி வீட்டுக்காரர்களே கூட்டிப்போகலாம். எங்கே போனாலும் சிரப் பாட்டிலையும் காலைப் புழுக்கையை ஒரு டப்பாவிலும் எடுத்துப்போங்கள். "அமாக்சிசிலின் இரண்டு வேளை வாயில் போய்விட்டது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குடலில் விஷம் ஊறத் தொடங்கிய அறிகுறி தெரிந்தால் அதைப் பிடித்து வெளியேற்றக் கொலஸ்டிரமின் பொடி கொடுக்கும் வழக்கம் உண்டு, அதை அவர் முடிவு செய்வார். எழுதிக் கொடுக்கும் மருந்து முயலுக்கு வாய்வழியாக ஆகுமா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பையனின் அம்மா அன்று என்னைக் கேட்டிருந்தால் நான் புத்தகத்தை எடுத்துப் புரட்டியிருப்பேன்.

"பேத்திக்குத் தெரிந்தால் அழுவாள், சொல்லாமல் இருக்கட்டுமா" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள், ஆச்சி. காது எப்போதிலிருந்து நாறுகிறது, சென்னையில் ஏதாவது மருந்து போட்டார்களா, மூக்கு ஒழுகியதா என்பதெல்லாம் உங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். மருத்துவர் கேட்பார். இன்று இரவே போன் போட்டுக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைச் சாயங்காலம் புழுக்கை எத்தனை, எப்படி இருந்தது, என்ன தின்றது, மருத்துவர் என்ன எழுதினார் என்று எனக்கு எழுதுங்கள். மருந்துச் சீட்டையும் பாட்டிலில் இருக்கும் எண்ணையும் படம் எடுத்து அனுப்பினால் அளவை நானும் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்கிறேன்.